அத்தைக்கு ஒரு குண்டு

1

போன வாரம் மீராவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வகுப்பு ஆசிரியை என்னை நேரில் பார்க்க வேண்டுமாம். ஜெர்மனியில் யாரும் யாரையும் சும்மா பார்ப்பதில்லை. தேதி, நேரம், அறை எண் எல்லாம் போட்டு, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பார்ப்பார்கள். அந்தத் தாளைக் கண்ட நிமிடத்திலிருந்து என் குற்றங்களை நானே எண்ண ஆரம்பித்துவிட்டேன். மதிய டப்பாவில் புளிச்சோறு வைத்தது, நீச்சல் உடையை மறந்தது, பெற்றோர் கூட்டத்தில் தூங்கியது.

போய்ச் சேர்ந்து, எட்டு வயசுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் இரண்டும் தாடையைத் தொடும்படி உட்கார்ந்தேன். ஆசிரியை நல்ல பெண்மணி. கவலையான முகத்தோடு மீராவின் கட்டுரையை என் முன்னால் நகர்த்தினார். ‘விடுமுறையில் நான் செய்தது’ என்பது தலைப்பு. உள்ளே இப்படி இருந்தது:

“என் மாமாவுக்கு அறுபது வயது ஆகிவிட்டதால் அவர் என் அத்தையை மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் குண்டு கொண்டுபோனோம். விமான நிலையத்தில் பிடித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கல்யாணத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.”

ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்விக்குறிகள்.

“சாக்லேட் குண்டு என்று புரிகிறது. கல்யாணம்தான் புரியவில்லை. அதே கணவர்தானா?” என்று மெல்லக் கேட்டார்.

“அதே கணவர்தான்.”

“நடுவில் விவாகரத்து?”

“இல்லை.”

“பிறகு ஏன்?”

“அறுபது ஆகிவிட்டதே.”

அவர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாகக் காஸல் நகரத்தில் இருக்கிறேன். வரி அலுவலகத்தோடு ஜெர்மனில் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். அறுபதாம் கல்யாணத்தை மட்டும் என்னால் அந்த மொழியில் கட்டிவைக்க முடியவில்லை. அங்கே விட்ட மூச்சை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கல்யாணத்தை விளக்க வேண்டியதில்லை. குண்டை விளக்கினால் போதும்.

2

எங்கள் காஸலில் நவம்பர் வந்தால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் மூக்கு தக்காளி நிறத்தில் இருக்கும். அந்த நேரத்துக்கென்றே ஒரு பண்டம். சாக்லேட்டை உருக்கி, அரைப்பந்து வடிவக் குழிகள் உள்ள ரப்பர் அச்சில் தடவி, உறையவைத்து எடுத்தால் இரண்டு கிண்ணங்கள் மாதிரி வரும். ஒன்றில் கோகோ தூளும் சர்க்கரையும் மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு போன்ற மிட்டாயும் போட்டு, இன்னொன்றால் மூடி ஒட்டினால் ஒரு உருண்டை. கோப்பையில் வைத்துச் சூடான பாலை ஊற்றினால் உருண்டை விரிசல் விட்டு, பட்டென்று திறந்து, உள்ளே இருக்கும் பஞ்செல்லாம் மேலே மிதந்து வரும். பிள்ளைகள் கத்துவார்கள். அதனால்தான் அதற்குப் பெயர் குண்டு.

மீரா இதைக் கண்டுபிடித்தவள் போலத்தான் பேசுவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் சமையலறை வெடிமருந்துக் கிடங்காகிவிடும். அந்த நேரத்தில் அவள் பேசுவது முழுக்க ஜெர்மன். உருக்கு, ஊற்று, ஒட்டு என்று நான் தமிழில் சொன்னால், ரேடியோவில் வேறு நிலையம் குறுக்கே வந்துவிட்டதைப் போலப் பார்ப்பாள். சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்புக்கும் போகிறாள். அங்கே புத்தகத் தமிழ் சொல்லிக்கொடுப்பதால், அவள் அபூர்வமாகத் தமிழ் பேசினால் செய்தி வாசிப்பதைப் போலிருக்கும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் விருந்துக்கு அழைத்து, மூன்றாவது முறை கேக் வைக்க வந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, “இஷ் பின் ஃபோல்” என்றேன். அதற்கு அர்த்தம், எனக்குப் போதை தலைக்கேறிவிட்டது என்பது. நான் குடித்திருந்தது ஆப்பிள் சாறு. அந்த அம்மாள் அன்று என்னைக் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

இந்த டிசம்பரில் மதுரைக்குக் கிளம்பும் முன் என் கணவர் குமார் ஒரு சட்டம் போட்டார். மதுரையில் கால் வைத்ததிலிருந்து மீரா தமிழ் மட்டும்தான் பேச வேண்டும். ஈடாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அத்தை வீட்டில் குண்டு செய்ய வேண்டும். அத்தை என்பது குமாரின் அக்கா தனலட்சுமி. எனக்கு மதினி. அவர் கணவர்தான் கட்டுரையில் வந்த மாமா. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. குமாரின் பெற்றோர் போன பிறகு ஊரில் எங்களுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே கதவு அதுதான். அதையும் போன தடவை ஏறக்குறைய மூடவைத்துவிட்டோம். பிள்ளைக்கு வெயில் ஆகாது என்று குளிர்சாதன அறை உள்ள ஹோட்டலில் தங்கினோம். மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தொலைபேசியிலும்கூட.

அதனால் இந்த முறை மூட்டை முடிச்சோடு மதினி வீட்டில்தான் தங்குவது, என்ன சொன்னாலும் ‘சரி மதினி’ என்பது, மாமாவின் அறுபதாம் கல்யாணத்தைச் சிரித்த முகமாக முடித்துக் கொடுப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

3

கொழும்பு வழியாக மதுரை வந்து இறங்கினோம். பெட்டியைக் கருவிக்குள் விட்ட இளம் அதிகாரி திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். திறக்கச் சொன்னார். குழி குழியாக ரப்பர் அச்சு, ஒரு பையில் பழுப்புத் தூள், இன்னொரு பையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ.

“இது என்னம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சட்டத்தை மதிக்கும் என் மகள் முன்னால் வந்து, கணீரென்று தமிழில் சொன்னாள்: “இது குண்டு செய்யும் அச்சு. அது குண்டுக்குள் போடும் தூள்.”

அதிகாரியின் கை அப்படியே நின்றது. “என்ன பாப்பா சொன்ன?”

“குண்டு. மாமாவின் கல்யாணத்தில் வெடிக்கும்.”

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் ஆளுக்கு ஓரடி பின்னால் போனார்கள். குமார் அவசரமாக, “சார், சார், பால்ல போட்டாத்தான் வெடிக்கும்” என்று சொல்லி நிலைமையை இன்னும் மோசமாக்கினார்.

“மேடம், இங்கிட்டு வாங்க” என்று தனியாக ஒரு மேஜைக்குக் கூட்டிப்போனார்கள். நான் முதலில் அந்த இளைஞருக்கு விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவருக்கும் விளக்கினேன். கடைசியில் மீசை நரைத்த பெரியவர் ஒருவர் வந்து, ஒரு மார்ஷ்மெல்லோவை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கி எழுந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். மறுபடியும் அமுக்கினார்.

“இம்புட்டுத்தானா? பாப்பா செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லவும் பய பயந்துட்டான்” என்றார். பெட்டியை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: “பால் ரொம்பக் கொதிக்கணுமாம்மா, வெதுவெதுப்பா இருந்தாப் போதுமா? பேரனுக்குச் செஞ்சு பாக்கலாம்னுதான்.”

வெளியே வந்ததும் மீரா, “நான் சரியாகத் தமிழ் பேசினேனா?” என்றாள். உச்சரிப்புப் பிழை, சொற்பிழை ஒன்றும் கிடையாது. என்னவென்று சொல்வது? நன்றாகப் பேசினாய் என்றேன்.

4

மதுரை மார்கழி எங்களுக்கு வசந்தகாலம். மீரா கையில்லாத சட்டையோடு திரிந்தாள். மதினி வீட்டில் எல்லோரும் காதை மூடிக் குல்லா போட்டிருந்தார்கள். மதினியும் மாமாவும் விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார்கள். மதினி கொஞ்சம் கனத்த உடம்பு. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்திருந்தார். நடந்து குறைத்ததை முக்குக் கடை உளுந்தவடையில் நிரப்பிக்கொண்டு வருவார் என்பது மாமா எனக்கு மட்டும் சொன்ன ரகசியம். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. அந்த வீட்டில் உடம்பைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

திருக்கடையூருக்குப் போய் முடித்துவிடலாம் என்றுதான் மாமா சொன்னாராம். “எங்க சனம் பூராம் எழுமலையிலயும் பரவையிலயும் இருக்கு. அம்புட்டுப் பேரையும் ரயில்ல ஏத்தவா? வீட்டுப் பக்கத்து மண்டபத்துலயே வச்சுக்கிருவோம்” என்று மதினி முடிவு பண்ணிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் சமையலறை மீராவின் கைக்கு வந்தது. கொதிக்கும் தண்ணீரின் மேல் பாத்திரத்தை வைத்துச் சாக்லேட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். மதினி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

“எதுக்குடி இப்பிடி ஆவி காட்டிக்கிட்டு இருக்க? அடுப்புல நேரா வையி.”

“நேராக வைத்தால் கருகிவிடும் அத்தை. மெதுவாகத்தான் உருட்ட வேண்டும்.”

“உருட்டணுமா? அந்த வேலைய உங்கப்பன் நல்லாப் பாப்பானே!”

“உருக்கணும் மீரா” என்றேன். மதினி சிரித்துச் சிரித்து இருமினார். அன்றைக்கு அவர் மனசு அப்படி இருந்தது. தம்பி குடும்பம் தன் கூரைக்குக் கீழே இருக்கிற சந்தோஷம்.

ஆனால் சும்மா இருக்க மாட்டாரே. நாங்கள் திரும்பிய நேரம், சாக்லேட் குழம்பு கெட்டியாக இருக்கிறதென்று ஒரு கரண்டித் தண்ணீரை விட்டுவிட்டார். உருகிய சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் அது திரும்ப மாட்டாத கோபத்தோடு கட்டி தட்டிவிடும். கரைத்த புளியின் சக்கை மாதிரி கிடந்ததைப் பார்த்து மீராவின் உதடு துடித்தது.

“அழுகாதடி. நான் கெடுத்தா நானே சரி பண்ணுவேன்” என்று மதினி அதில் நெய்யை விட்டு, முந்திரியைப் போட்டு, உருண்டை பிடித்து, தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் தட்டு காலி. மீரா மறுபடி உருக்கினாள். உறையவைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தால், மறுநாளைக்கு வாங்கிய மல்லிகைப்பூ, மாவு, தயிர் என்று விரல் நுழைய இடமில்லை. பூப்பந்துகளின் மேலேயே அச்சை வைத்தோம். விளிம்பைச் சூடாக்கி ஒட்டுவதற்குத் தோசைக்கல். வந்து சேர்ந்த குண்டுகளில் மல்லிகை வாசம் அடித்தது. காஸலில் எந்தக் கடையிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காத ரகம்.

எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்றைச் செய்து, தங்க நிறக் காகிதத்தில் சுற்றி, மீரா தனியாக எடுத்து வைத்தாள். மேலே ஒட்டுவதற்குச் சீட்டைத் தானே எழுதுவதாகச் சொல்லி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தமிழில் தானாக எழுத ஆசைப்படுகிறாளே என்று நான் புல்லரித்துப்போய் நின்றேன். உள்ளே போய் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம்.

5

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கலசத் தண்ணீரை ஊற்றி நனைத்து, உலர்த்தி, புதுப்பட்டு உடுத்தி, மாமா மறுபடியும் தாலி கட்டினார். கை நடுங்கியது. முதல் தடவையும் இப்படித்தான் நடுங்கியதென்று மதினி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறந்த வீட்டுச் சீரை நானும் குமாரும் தட்டில் கொண்டுவந்து வைத்தபோது மதினியின் முகம் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒலிபெருக்கி எழுமலைப் பால்பாண்டி அண்ணன் கையில் இருந்தது. குமாருக்குத் தாய்மாமா மகன். தக்காளி விவசாயம். முறைப்படி மதினியைக் கேலி செய்ய உரிமை உள்ளவர், அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்காதவர். மேடையில் வந்து சேர்ந்த பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டைப் படித்து, கொடுத்தவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கவைத்துக்கொண்டிருந்தார். தங்கக் காகிதம் அவர் கைக்குப் போனது.

“அடுத்தது நம்ம ஜெர்மனி மருமக மீரா குடுத்தது. சொந்தக் கையெழுத்து!” என்று தொண்டையைச் செருமி, சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒரு விநாடி நின்றார். அவர் முகத்தில் தீபாவளி வந்தது.

“குண்டு அத்தைக்கு!”

சரியாகக் கேட்காதவர்களுக்காக அண்ணன் மறுபடியும் நிறுத்தி, நிதானமாக, ராகத்தோடு வாசித்தார்: “குண்டு அத்தைக்கு... அன்புடன் மீரா!”

அவ்வளவுதான். கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. பரவைப் பெரியம்மா சிரித்ததில் வெற்றிலை மடியில் விழுந்தது. படம் பிடிக்கிறவர் கேமராவை மதினி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கழுத்தில் மாலையோடு மாமா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மேடைக்குக் கீழே மீரா எல்லோரும் தன்னைப் பாராட்டுவதாக நினைத்துக் கையை ஆட்டினாள்.

நான் குமாரைப் பார்த்தேன். காப்பாற்றுவார் என்றுதான் பார்த்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை மதினியும் பார்த்துவிட்டார்.

சாப்பாட்டில்தான் விஷயம் தெரிந்தது. மதினி பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். எங்கள் இலைக்கு முன்னால் நின்று, குமாரைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, நீங்க நல்லாச் சாப்பிட்டீங்களா?”

குமாரின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. பிறந்ததிலிருந்து ‘டேய் குமாரு’ என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டு அறியாத மனிதர். மதினி மரியாதை கொடுத்துவிட்டாரென்றால் அதற்கு மேல் தண்டனை கிடையாது.

“அக்கா...” என்றார்.

“ஜெர்மனிக்காரங்களுக்கு வீட்டுல எடம் பத்தாது. ராத்திரிக்கு ஹோட்டல்ல ரூம் போட்டுக்கிட்டாலும் சரி. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். மறுநாள் மதியம் எங்களுக்கு விமானம். இந்தக் கோபத்தோடு கிளம்பினால் அடுத்த தடவை மதுரைக்கு வந்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நினைத்தபடியே பாயசத்தைத் தொடாமல் இலையை மூடினேன்.

6

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குமார் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். மதினி பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு, சுடுதண்ணீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கலாமென்று நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், “எனக்கு வெளக்கமெல்லாம் வேணாம் சுபா” என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை நான் கதவுவரை போனபோது மீரா எனக்கு முன்பே அங்கே இருந்தாள்.

“அத்தை, நீங்கள் ஏன் குண்டைக் குடிக்கவில்லை?”

“நீ என்னடி எழுதுன அதுல?”

“குண்டு. அத்தைக்கு.” மீரா இரண்டு சொல்லையும் இரண்டு விரலால் பிரித்துக் காட்டினாள். “குண்டு என்றால் சாக்லேட். அது அத்தைக்கு. எனக்கு அல்ல, மாமாவுக்கும் அல்ல.”

மதினி காலை மாற்றி வைத்தார். வாளித் தண்ணீர் சளப்பென்றது.

“குண்டுன்னா இன்னொரு அர்த்தம் இருக்குடி. ஒடம்பு பெருத்தவங்களையும் குண்டுன்னுதான் சொல்வாங்க.”

மீரா யோசித்தாள். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். பலிக்கவில்லை.

“ஆனால் அத்தை, நீங்கள் குண்டுதானே?”

சமையலறைச் சுவரில் நான் சாய்ந்துகொண்டேன். வெளியே ஒரு சத்தம். முதலில் அழுகை என்று நினைத்தேன். வாளி குலுங்கித் தண்ணீர் சிந்துகிற அளவுக்கு மதினி சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆமாடி என் ராசாத்தி. இதுல என்ன சந்தேகம்? எம் புருசனுக்குக்கூட இதச் சொல்றதுக்கு இம்புட்டு வருசமா தைரியம் வரல.”

“அப்படியென்றால் ஏன் கோபம்?”

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியது. “ஊரு சிரிச்சது பெருசில்ல. பால்பாண்டி மொறக்காரன், அவன் கேலி பண்ணாட்டித்தான் தப்பு. உங்கப்பன் எங்கூடப் பொறந்தவன். அம்புட்டுப் பேரு முன்னாடி அவன் பல்லக் காட்டிச் சிரிச்சான் பாத்தியா? எங்க அம்மா இருந்தா அவளா எந்திரிச்சு மைக்கப் புடுங்கிருப்பா. எனக்குன்னு யாரும் எந்திரிக்கல.”

மீராவுக்கு இதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நீதி மட்டும் புரிந்துவிட்டது. “அப்படியென்றால் அப்பாவுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும்” என்றாள்.

“என்ன தண்டன?”

மீரா மதினியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். மதினியின் கண் விரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது.

“சுபா! அங்குனதான நிக்கிற? ஒளிஞ்சது போதும். அந்த அச்ச எடுத்துட்டு வா” என்று மதினி கூப்பிட்டார்.

மிச்சமிருந்த சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றியது நான். உள்ளே எதைப் போடுவதென்று ஆலோசனை நடந்தது. சாம்பார்ப்பொடி வாசம் காட்டிக்கொடுத்துவிடும். மிளகைக் கண்ணால் பார்த்துவிடுவார். மதினி அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தார்.

“குண்டூர் மொளகாப்பொடி. குண்டுக்கு வேற எது பொருந்தும்?”

கோகோ தூளோடு கலந்தால் நிறமே தெரியவில்லை. நான் ஒரு சிட்டிகை போதுமென்றேன். மீரா ஒரு கரண்டி என்றாள். மதினி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒன்றரைக் கரண்டி போட்டார்.

7

மறுநாள் காலையில் வழியனுப்ப எழுமலையிலிருந்தும் பரவையிலிருந்தும் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரவு நாங்கள் ஹோட்டலுக்குப் போகவில்லை. போங்கள் என்று யாரும் திரும்பச் சொல்லவுமில்லை. குமார் மட்டும் வீட்டுக்குள் செருப்பில்லாமல் முள் மேல் நடப்பவரைப் போல நடந்துகொண்டிருந்தார்.

டம்ளர் வாய்க்குள் குண்டு நுழையாததால் எவர்சில்வர் கிண்ணங்களில் வைத்துப் பாலை ஊற்றினோம். பட், பட்டென்று ஒவ்வொன்றாகத் திறந்து பஞ்சு மிதந்ததும் பெரியவர்களே கைதட்டினார்கள். பால்பாண்டி அண்ணன் தன் கிண்ணத்தை முகர்ந்து, “என்ன மதினி, மல்லியப்பூ மணக்குது? குடிக்கவா, தலையில வச்சுக்கவா?” என்றார்.

குமாருக்கு மதினியே கொண்டுபோய்க் கொடுத்தார். “தம்பி, எடுத்துக்கங்க.”

அந்த ‘எடுத்துக்கங்க’வுக்காகவே அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பெரிதாக ஒரு வாய் குடித்தார்.

அவர் முகம் நின்றுபோனது. காது சிவந்தது. பிறகு கழுத்து. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். எதிரே வரிசையாக நாங்கள் மூன்று பேர். மீரா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதினி சீலை முந்தானையை வாயருகே வைத்திருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. துப்பியிருக்கலாம், கத்தியிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மதினி முகத்தைப் பார்த்தபடியே கிண்ணத்தை மறுபடி வாயில் வைத்து, அடிவரைக்கும் குடித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

“என்ன மாப்ள, இப்பிடி அழுகுற?” என்று பால்பாண்டி அண்ணன் பதறினார்.

குமார் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போன குரலில் சொன்னார்: “ஒண்ணுமில்ல மச்சான். அக்காவ விட்டுட்டுப் போறம்ல. அதான்.”

கூடமே இளகிவிட்டது. பரவைப் பெரியம்மா, “கூடப் பொறந்த பாசம் எங்க போகும்?” என்று தன் பங்குக்குக் கண்ணைத் துடைத்தார். இன்னொருவர், வெளிநாட்டில் இருந்தாலும் பிள்ளை மாறவில்லை என்றார். குமார் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, வெறும் கிண்ணத்தை மதினியிடம் நீட்டினார்.

“இன்னொண்ணு இருக்காக்கா?”

மதினி கிண்ணத்தை வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “போதும்டா. போதும்டா குமாரு. வயித்துக்கு ஆகாது” என்றார். மற்றொரு கையில் இருந்த தன் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அதைக் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தார். கன்னத்தில் இறங்கிய நீர் பாலில் சொட்டியது.

கூடத்தில் எல்லோரும் அந்த அக்கா தம்பியைப் பார்த்து உருகிப்போய் உட்கார்ந்திருந்த அந்த அமைதியில், என் மகள் நடுவில் வந்து நின்று, ஒரு பிழையும் இல்லாத தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“அத்தை, உங்கள் குண்டில் நாம் மிளகாய்ப்பொடி போடவே இல்லையே. நீங்கள் எதற்கு அழுகிறீர்கள்?”